விலை போன பெனால்டி

உத்தமபாளையம் கோர்ட் வாசல் டீக்கடையில் கிளாஸை வாயில் வைத்தேன். எதிரே இருந்த புளியமரத்துக்குப் பின்னால் ஒரு வேட்டி நுனி தெரிந்தது. திராட்சைக்கு மருந்தடித்த மயில்துத்தக் கறை ஓரத்தில் நீலமாகப் படிந்திருந்தது. ஆள் யார் என்று எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. என் கட்சிக்காரர் தவசிதான்.

எனக்கு எதிரே உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தவர் தேவசகாயம். போடி பஜாரில் மூன்று தலைமுறையாக ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, வக்கீல். தவசியின் வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகிறவர் அவர்தான். தன் கடைக்கு வந்த ஒரு கல்யாண மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ சொன்னார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"ராசாங்கம், ஒங்க ஆளு நம்மளையே பாக்குறாரு."

"பாக்கட்டும்."

"மூஞ்சி சரியில்லையே."

"அந்த மூஞ்சி என்னைக்குச் சரியா இருந்துச்சு?"

கோர்ட்டுக்குள் போகும்போது தவசி வந்து ஒட்டிக்கொண்டார். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். என் செருப்பைப் பார்த்துத்தான் பேசுவார்.

"டீக்கு யாரு துட்டுக் குடுத்தது, வக்கீலய்யா?"

"தேவசகாயம்தான் குடுத்தாரு."

"வடைக்கும் அவருதானா?"

"வடைக்கும் அவருதான்."

"ம்" என்றார்.

உள்ளே கத்திச் சண்டை போட்ட இரண்டு வக்கீல்கள் வெளியே வந்து ஒரே பெஞ்சில் டீ குடிப்பது கோர்ட்டுகளில் அன்றாட வழக்கம். அதைப் பார்க்கும் கட்சிக்காரர்களுக்குச் சந்தேகம் தட்டுவதும் அன்றாட வழக்கம்தான். ஆனால் தவசிக்கு என் மேல் இருந்த சந்தேகம் டீக்கடையில் பிறந்தது அல்ல. நான் வக்கீல் கோட்டு மாட்டுவதற்குப் பல வருடம் முந்தியது.

முழங்காலை யாரும் விசாரிக்கவில்லை

போன வாரம் இந்தப் பத்தியில் என் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி எழுதியிருந்தேன். பந்தாட்டமே பிழைப்பு என்று இருந்தவன் அந்தக் காலோடு மதுரைக்குப் போய்ச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிய கதை. படித்துவிட்டு இரண்டு பேர் கண்கலங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

சின்னமனூரிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"எல்லாஞ் சரி சார். தேவாரம் கிரவுண்டுல அந்த பெனால்டிய மேல தூக்கி அடிச்சீகளே, அதப் பத்தி எப்ப எழுதுவீக?"

"என்ன எழுதணும்?"

"இல்ல... குமுளில எடம் வாங்குனதா ஒரு பேச்சு உண்டு."

எனக்குக் குமுளியில் இடம் கிடையாது. குமுளியில் எனக்கு ஒரு ஏலச்செடி கூடக் கிடையாது. பத்திரப்பதிவு ஆபீசில் யார் வேண்டுமானாலும் போய் வில்லங்கம் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும், "பொண்டாட்டி பேர்ல வாங்கிருப்பான்" என்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவனுக்குப் பேர் விழுந்தால் விழுந்ததுதான்.

சிவப்புச் சட்டை, நீலச் சட்டை

பந்து உதைக்கக் கேரளாவில் ஒரு கிளப்பில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்ன அன்றைக்கே முதல் சந்தேகம் எங்கள் வீட்டில் கிளம்பியது. சந்தேகப்பட்டவர் என் அப்பா.

"பந்த ஒதைக்கிறதுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்? மலைக்கு மேல போயி நீ என்னமோ கடத்துற."

கம்பம் பக்கத்துப் பையன் ஒருவன் கேரளாவுக்குப் போய்க் கையில் காசோடு திரும்பி வந்தால் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஒரே நினைப்புதான். என்ன சரக்கு என்று நான் எழுத வேண்டியதில்லை. அப்பா நம்பவே இல்லை. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி நான் ஆடுகிற ஊருக்கே வந்துவிட்டார். பாக்குமரத்தை வெட்டிக் கட்டிய கேலரியில் மலையாளிகளுக்கு நடுவே, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் பார்த்தார். ஊருக்குத் திரும்பி அம்மாவிடம், "நெசந்தான். ஒதைக்கத்தான் துட்டுக் குடுக்குறான். அவனுகளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றாராம். வீட்டளவில் விஷயம் அதோடு தீர்ந்தது.

ஊரளவில் தீரவில்லை. அதற்குக் காரணம் செவன்ஸ்.

அறுவடை முடிந்த வயலில் பக்கத்துக்கு ஏழு பேராக ஆடுவது செவன்ஸ். மலபார் பக்கம் கோடை முழுக்க அதே திருவிழாதான். கிளப் ஆட்டம் இல்லாத நாட்களில் எங்களைப் போன்றவர்கள் அங்கே கூலிக்கு ஆடுவோம். இன்றைக்குச் சிவப்புச் சட்டைக்காரன் கூப்பிட்டால் அவனுக்கு. நாளைக்கு அதே சிவப்புச் சட்டையை எதிர்த்து நீலச் சட்டையில். நேற்று என் தோளில் கை போட்டவனின் காலை இன்று நான் வாருவேன். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே கடையில் பொறோட்டா தின்போம். இதில் துரோகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தொழில்.

இதை எங்கள் ஊரில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. "அப்ப நீ எந்தக் கச்சிடா?" என்பார்கள். கூப்பிட்ட கட்சி என்பேன். "அப்ப அதிகமாக் குடுத்தா மாறிருவ?" என்பார்கள். கூலிக்கு ஆடுவது வேறு, விலைக்குப் போவது வேறு. அன்றைக்குப் பந்தாட்டக்காரனாகவும் இதைத்தான் சொன்னேன், பிறகு வக்கீலாகவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தடவையும் கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கும் சந்தேகம் தொழில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஸ்டாப்பர் பேக். கோலுக்கு முன்னால் நின்று வருகிறவனைத் தடுப்பவன். எதிரி வலது பக்கம் பார்த்தால் இடது பக்கம் போகப் போகிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணை நம்பாதே, தோளை நம்பாதே, இடுப்பைப் பார் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் மற்றவர்கள் சந்தேகப்படுவதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கோபப்பட உரிமை உண்டு.

"பதுக்கே அடிச்சா மதி"

வீரபாண்டித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டு, ஊரே மஞ்சத்தண்ணியும் அக்னிச்சட்டியுமாக இருந்த சித்திரை மாதம் அது. தேவாரத்தில் டோர்னமெண்ட். நடத்தியவர் தவசி. அப்போது அவருக்கு மீசை கறுப்பு, குரல் கணீர். மைக்கைப் பிடித்தால் விட மாட்டார். "கப்பு ஊரத் தாண்டாது" என்று ஊருக்கே வாக்குக் கொடுத்திருந்தார்.

லீவுக்கு வந்திருந்த என்னை வீட்டில் வந்து பிடித்தார். "தம்பி, நீ ஊர்ப் பிள்ள. நீ ஆடாம யாரு ஆடுறது?" ஆடினேன். கூலி வாங்காமல் ஆடினேன்.

ஃபைனலில் எதிர்த்து நின்றது மலைக்கு மேலிருந்து வந்த அணி. அவர்களுடைய கோல்கீப்பர் ஷாஜி, கேரளாவில் என்னோடு ஒரே கிளப்பில் ஆடியவன், ஒரே ரூமில் படுத்தவன். கடைசி நிமிடங்களில் ஆட்டம் சமமாக இருந்தபோது எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. எங்கள் டீமில் வழக்கமாகப் பெனால்டி அடிப்பவன் சைக்கிள் கடை வைத்திருந்த கண்ணன். அவன் பந்தை எடுத்து வைத்தும்விட்டான். தவசி மைக்கில் கத்தினார்.

"கண்ணா, தள்ளிக்க! நம்ம புரொஃபசனல் அடிக்கட்டும்!"

கூட்டம் விசில் அடித்தது. நான் போய் நின்றேன். கோலுக்குள் நின்று கையை உதறிக்கொண்டே ஷாஜி கூவினான்.

"எடா, பதுக்கே அடிச்சா மதி. எனிக்குப் பேடியா."

மெதுவாக அடித்தால் போதும், எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறான் கழுதை. ஆறடி உயரம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். ஓடி வந்து அடித்தேன். பந்து கம்பிக்கு மேலே போய், அதற்கு அப்பால் இருந்த தென்னந்தோப்பில் விழுந்தது. அடுத்த நிமிடமே அவர்கள் ஒரு கோல் போட்டு கப்பைத் தூக்கிக்கொண்டார்கள். விசில் ஊதியதும் ஷாஜி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். நானும் அவன் முதுகைத் தட்டினேன். ஆட்டம் முடிந்தால் அப்படித்தானே செய்வோம்.

எல்லைப்பக்கத்து ஊர். மலையாளம் எல்லாருக்கும் தெரியும்.

"பதுக்கே அடின்னான்யா. இவன் சிரிச்சான்யா. அப்புறம் கட்டிப்பிடிச்சான்யா!"

சாட்சி, சான்றாவணம், தீர்ப்பு, எல்லாம் அந்த மூன்று வரியில் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலமே நான் கேரளாவுக்குப் பஸ் ஏறிவிட்டேன், கிளப்பில் அழைத்திருந்தார்கள். "பாத்தியா, ஓடிட்டான்" என்று அதற்கும் ஒரு வரி சேர்ந்துகொண்டது. நான் போன பிறகு மைதானத்தில் என்ன நடந்தது என்பது பத்து வருடத்துக்கு மேல் எனக்குத் தெரியாமலே இருந்தது.

பாம்பின் கால்

ஒருநாள் காலையில் தவசி என் ஆபீஸ் படியேறி வந்தபோது எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. உர டிப்போவுக்கு மேலே என் ஆபீஸ். யூரியா வாடையோடு அவரும் வந்தார். மீசை வெளுத்திருந்தது.

கிணற்று வழக்கு. தவசிக்கும் அவருடைய அண்ணன் வேலுச்சாமிக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒருவருக்கு மூன்று நாள், மற்றவருக்கு மூன்று நாள், ஏழாம் நாள் கிணறு ஊற விட்டுவிட வேண்டும். அது அப்பன் காலத்து முறை. கரண்ட் சர்வீஸ் அண்ணன் பேரில். ஏதோ மனத்தாங்கலில் அண்ணன் மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார். தம்பி கோர்ட்டுக்குப் போனார். வழக்கு இழுத்துக்கொண்டே கிடக்க, அண்ணன் செத்தும் போனார். இப்போது எதிர்த்தரப்பு அண்ணனின் மனைவி பஞ்சவர்ணம். தவசி டிராக்டர் டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றித்தான் திராட்சையை உயிரோடு வைத்திருந்தார். எனக்கு முன்னால் மூன்று வக்கீல்கள். மூன்று பேரையும் எதிரிக்கு விலை போய்விட்டார்கள் என்று கழித்துக்கட்டியிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். ஊருல என்னய வித்தவன்னு மொதல்ல சொன்னது நீங்க. எங்கிட்ட எதுக்கு வந்தீக?"

செருப்பைப் பார்த்தார்.

"பாம்பின் கால் பாம்புக்குத்தான தெரியும்? யாரு எங்கன விக்கிறான்னு ஒங்களுக்குச் சட்டுனு பிடிபட்டுரும்ல."

சரியான ஆள்! கேவலப்படுத்துவதற்கென்றே வக்காலத்துக் கொடுக்க வந்திருக்கிறார். அந்த ஆளைப் படியில் உருட்டிவிட்டிருக்கலாம். ஆனால் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்ததில் வழக்கு நல்ல வழக்கு. அதோடு, இந்த ஒரு ஆளாவது "ராசாங்கம் விலை போகிறவன் இல்லை" என்று ஊரில் ஒருநாள் சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. உண்மையைச் சொன்னால் கிணற்றை விட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. வக்காலத்து வாங்கினேன்.

எதற்காக இவ்வளவு இறங்கி வருகிறார்கள்?

அந்த டீக்கடை தினத்துக்கு வருகிறேன். தேவசகாயம் வடைக்கு நடுவில் சொன்ன விஷயம் இதுதான்: "எங்க கட்சிக்காரம்மா சமாதானமாப் போயிரலாம்னு ராஜிக்கு வர்றாக. ஒங்க ஆளுக்குப் பாதி முறை, பழையபடி. கோடைக்கு ஏழாம் நாளும் அவருக்கே. மோட்டார் ரூம் சாவியும் ஒண்ணு குடுத்துருவாக."

நாங்கள் கோர்ட்டில் கேட்டதே பாதிதான். அதற்கு மேல் ஒருநாளை எதிரி தூக்கிக் கொடுக்கிறான் என்றால் எந்த ஸ்டாப்பர் பேக்கும் நிமிர்ந்து நிற்பான். நான் நின்றேன். கிணறு வற்றிவிட்டதா? நிலத்தை வேறு யாருக்காவது பேசி முடித்துவிட்டார்களா? சர்வீஸில் ஏதாவது வழக்கு இருக்கிறதா? தவசியிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு நானே தோட்டத்துக்குப் போனேன்.

மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து பஞ்சவர்ணம் அக்கா சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் என்று தெரிந்தும் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு, "வாங்க தம்பி. தண்ணி எம்புட்டு இருக்குன்னு பாக்க வந்தீகளா?" என்றார்.

"ஆமாக்கா."

"பாருங்க. ஒளிச்சு வைக்க அது என்ன நகையா?"

எட்டிப் பார்த்தேன். புறா ஒன்று படபடவென்று மேலே வந்தது. தண்ணீர் கறுப்பாக, நிறையக் கிடந்தது. ஒரு கல்லைப் போட்டும் பார்த்தேன். அந்தம்மா சிரித்தார்.

"எதுக்குக்கா இம்புட்டு விட்டுக் குடுக்குறீக? தேவசகாயம் சொல்லிக் குடுத்தாரா?"

"அவரு வேணாம்னுதான் சொன்னாரு. எங்க வீட்டுக்காரக கண்ண மூடுறதுக்கு முன்னாடி சொன்னாக. 'தவசி தோட்டம் காயக்கூடாதுடி. அவன் கோவக்காரன். கெட்டவன் இல்ல'ன்னாக."

கத்தியைக் கீழே வைத்தார்.

"எல்லாம் ஒங்களாலதான தம்பி."

"என்னாலயா?"

"ஒங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கு நீங்க பஸ் ஏறிட்டீக. கிரவுண்டுல நின்னு கொழுந்தன் இவரு 'ராசாங்கம் வித்துட்டான், வித்துட்டான்'னு மைக்குல கத்திருக்காரு. எங்க வீட்டுக்காரக போயி, 'ஏலே, அந்தப் பையன் என்னடா பண்ணுவான், பந்து மேல போயிருச்சு, மைக்கக் கீழ வையி'ன்னு சொல்லிருக்காக. அதுக்கு இவரு, அம்புட்டு சனத்துக்கு நடுவுல, அதே மைக்குல, 'அப்ப ஒனக்கும் பங்கு வந்திருச்சா அண்ணே?'ன்னு கேட்டுட்டாரு."

நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன். அந்தம்மா நிறுத்தவில்லை.

"வீட்டுக்கு வந்து அவுக சோறே திங்கல. மறாநாளு மோட்டார் ரூமப் பூட்டுனாக. தண்ணிய மறிக்கவா பூட்டுனாக? இவரு வந்து 'தெரியாமச் சொல்லிட்டேண்ணே'ன்னு ஒரு வார்த்த சொல்லுவாரு, சாவியக் குடுத்துரலாம்னு வேட்டி மடிப்புலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சாக. இவரு கோர்ட்டுக்குப் போயிட்டாரு."

காற்றில் வெங்காயத்தாள் பறந்தது. பஞ்சவர்ணம் அக்கா என்னை உற்றுப் பார்த்தார்.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டீக. எனக்கும் கேக்கணும்னு இருந்துச்சு. சாகுற வரைக்கும் அவுக ஒங்களுக்காகப் பேசுனாக. நெசத்தச் சொல்லுங்க தம்பி. வித்தீகளா?"

"இல்லக்கா."

"சரி" என்றார். கத்தியை எடுத்துக்கொண்டார். நம்பினாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மடியில் கனம்

தவசியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ராஜியைச் சொன்னேன். கிணற்றைப் பார்த்ததைச் சொன்னேன். அண்ணன் கடைசியில் சொன்ன வார்த்தையை, வேட்டி மடிப்பில் சாவி இருந்ததை, ஒன்று விடாமல் சொன்னேன். திராட்சைக் கொடிகளை வெட்டிக் கவாத்து முடித்திருந்த நேரம். துளிர் வரும்போது தண்ணீர் நின்றால் அந்த வருடம் போச்சு. டேங்கர்காரரும் இனி வர முடியாது என்று கையை விரித்துவிட்டார். "அடுத்த வாய்தாவுலயே கையெழுத்தப் போடுங்கண்ணே" என்றேன்.

வெகுநேரம் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மனம் இளகுகிறது என்று நினைத்தேன்.

"அங்கனயும் டீ குடிச்சீகளா?" என்றார்.

"என்னது?"

"கேட்டதுக்கு மேல ஒருத்தி குடுக்குறாளாம். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுகுதாக்கும்? அன்னைக்கும் சிரிச்சீக, தோத்தோம். நேத்து டீக்கடையிலயும் சிரிச்சீக. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"அண்ணே, ஒங்க தோட்டம் காஞ்சா எனக்கு என்ன லாபம்?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

இந்த ஆளோடு என்ன செய்வது! வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். அவர் படியிறங்கிப் போனார். பாதிப் படியில் நின்று திரும்பினார்.

"வெள்ளிக்கிழம வீரபாண்டிக்கு வாங்க. ஆத்தா முன்னாடி சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. கையெழுத்துப் போடுறேன்."

எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்வது எங்கள் பக்கத்துச் சத்தியம். கோர்ட்டில் கூண்டேறி, "சொல்வதெல்லாம் உண்மை" என்று சொல்லிவிட்டுக் கூசாமல் புளுகுகிறவன் கூட அந்தச் சூடத்தின் பக்கம் போக மாட்டான். அதுவும் கௌமாரியம்மன் முன்னால்.

சட்டம் படித்தவன், கட்சிக்காரன் கூப்பிட்டான் என்று சூடத்தில் கை வைக்கப் போவதா? தேவசகாயத்திடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தாளுக்குத்தான் கிறுக்குன்னா ஒங்களுக்குமா?" என்றார். இருந்தாலும் போனேன். அந்த ஒரு ஆளின் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தைக்காகத்தான் போனேன்.

வீரபாண்டியில்

திருவிழா இல்லாத வெள்ளிக்கிழமை. உச்சி வெயில். முல்லையாற்றில் நாலு பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். தவசி முன்னாடியே வந்து நின்றார். கோயில் கடையில் சூடம் வாங்கப் போன என்னைத் தடுத்தார்.

"அதுல மாவு கலந்திருப்பான். சூடு இருக்காது. நான் வீட்டுல இருந்து கொண்டாந்திருக்கேன்."

காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, கட்டியாக ஒன்றை எடுத்து, வெளியே இருந்த கல்லில் வைத்துப் பற்றவைத்தார். நான் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். இந்த வழக்கில் எதிர்த்தரப்பிடமிருந்து எந்தப் பயனும் பெறவில்லை, அது இது என்று. கையை நீட்டினேன்.

"கேஸப் பத்தி வேணாம்" என்றார் தவசி.

"பின்ன?"

"அந்தப் பெனால்டி. அதச் சொல்லுங்க."

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது.

"யோவ்! ஒன் தோட்டம் காஞ்சுக்கிட்டுக் கெடக்கு. ஒனக்காக நாயா அலையுறேன். பெனால்டியாம் பெனால்டி! ஒனக்கு வேற பொழப்பு இல்ல?"

"மடியில கனம் இல்லைன்னா வழியில என்ன பயம்? சொல்லுங்க."

சூடம் எரிந்துகொண்டிருந்தது. விற்கவில்லை என்று சொல்ல எனக்கு என்ன தயக்கம்? ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஷாஜியிடம் கூடச் சொன்னதில்லை. சம்பளம் வாங்கிப் பந்து உதைக்கிறவனை ஊர் "வித்துட்டான்" என்று சொன்னால், அதில் கெட்டிக்காரத்தனம் என்று ஒன்று மிச்சம் இருக்கிறது. நினைத்திருந்தால் போட்டிருப்பான் என்று அர்த்தம். பத்து வருடமாக எரிச்சலோடு சுமந்த அந்தப் பேரில் அந்த ஒரு சுகம் எனக்கு இருந்திருக்கிறது என்பது அந்தக் கல்லுக்கு முன்னால்தான் எனக்கே தெரிந்தது.

ஓங்கி அடித்தேன்.

"ஆத்தா சத்தியமா நான் விக்கல. எவன்கிட்டயும் கை நீட்டல. காலும் வழுக்கல. நீங்க மைக்குல சொன்னதும் ஊரே விசிலடிச்சுச்சு. எனக்குக் கை காலெல்லாம் ஒதறிருச்சு. பயந்துட்டேன். அந்தப் பயத்த மறைக்கத்தான் சிரிச்சேன். அடிக்கத் தெரியாம அடிச்சேன். அம்புட்டுத்தான்."

இதற்குப் பிறகு நடந்ததில் கோர்ட் சம்பந்தப்பட்டதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அடுத்த வாய்தாவில் தவசி ராஜிக்குக் கையெழுத்துப் போட்டார். சாவியைப் பஞ்சவர்ணம் அக்காவே கோர்ட் வராந்தாவில் வைத்து அவர் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அன்று இரவே தண்ணீர் பாய்ந்தது, திராட்சை தப்பித்தது. ராசாங்கம் விலை போகிறவன் இல்லை என்று தவசி ஊரில் யாரிடமும் சொன்னதாக எனக்குத் தகவல் இல்லை.

அன்றைக்கு வீரபாண்டியில், நான் கையை எடுத்ததும், அவர் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினார். கரி அப்பியிருந்தது. நடுவில் தோல் சிவந்திருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, அத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பொய் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று ஒவ்வொரு இடமாகத் தேடினார். நானும் காட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் அகப்படவில்லை. கையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணன் செத்த துட்டிக்குக் கூடப் போகலையேய்யா நான்" என்றார். "கொட்டுச் சத்தம் தோட்டத்துக்குக் கேட்டுச்சு. கூப்பிட ஆளும் வந்தாக. போடான்னுட்டேன்."

என் கை எரிந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணே" என்றேன்.

அவர் அழுதுகொண்டிருந்தார். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"நீ வித்திருக்கலாமேய்யா" என்றார். "வித்துத் தொலச்சிருக்கலாமே."